பீளை இல்லாத சிவப்பு

அக்டோபர் 6, திங்கள்

வலது கண்ணுக்கு இன்றோடு எட்டு மாதம். பிப்ரவரியில் மதுரையில் வைத்துத் தைத்த கருவிழி இதுவரை தெளிவாகவே இருக்கிறது. இடது கண் போய் வெகுகாலமாகிறது. அது வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும் பிரிக்கும். ஆகவே படிப்பது, எழுதுவது, மாடிப்படி இறங்குவது எல்லாம் யாரோ ஒருவர் விட்டுப்போன இந்த மெல்லிய வட்டத்தின் தயவில்தான். யாருடையது என்று ஆஸ்பத்திரியில் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை.

கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில் தவளையின் கால் சவ்வை நுண்ணோக்கியில் வைத்து மாணவர்களுக்குக் காட்டுவேன். ரத்தக் குழாயின் நடுவே சிவப்பணுக்கள் அடித்துக்கொண்டு போகும். வெள்ளணுக்கள் அப்படி ஓடுவதில்லை. சுவரை ஒட்டி உருளும், தயங்கும், ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு சுவரின் இரண்டு செல்களுக்கு நடுவே உடம்பை நூலாக்கி நுழைந்து திசுவுக்குள் போய்விடும். சவ்வில் ஊசியால் லேசாகக் கீறி வைத்தால், கீறிய இடம் தெரிந்து அங்கே வந்து கூடும். கண்ணும் காதும் இல்லாத ஒரு துளிக்கு அந்த வழி எப்படித் தெரிகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். காயம் பட்ட திசு வெளியிடும் ரசாயனத்தின் தடம் பிடித்துப் போகிறது என்பேன். அந்தப் பதில் எனக்கே முழுதாகத் திருப்தி தந்ததில்லை.

கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. பாதை இல்லாத இடத்துக்கு வெள்ளணுக்கள் சுலபமாக வருவதில்லை. வேற்று ஆளின் கருவிழி என் கண்ணில் தகராறு இல்லாமல் குடியிருப்பது அதனால்தான். அது போதாது என்று காலையும் மாலையும் ஒரு சொட்டு ஸ்டீராய்டு மருந்து. அது வெள்ளணுக்களை அடக்கி வைக்கும். டாக்டர் ஜெபமலர் வயதில் சிறியவர், கண்டிப்பானவர். "சிவந்தாலோ, கூசினாலோ, மங்கினாலோ அன்னைக்கே வந்துடணும் சார்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அடுத்து நவம்பர் மூன்றாம் தேதி போக வேண்டும்.

மகன் செழியன் மஸ்கட்டில். பேத்தி கோவையில் விடுதியில். இந்த விருதுநகர் வீட்டில் நானும் மருமகள் சுடர்க்கொடியும்தான். அவள் பள்ளியிலிருந்து வரத் தாமதமானதால் அரிசி களைந்து குக்கரில் வைத்தேன். தண்ணீர் அளவு சரியா என்று சந்தேகம் வந்து, கொட்டி மறுபடி அளந்தேன்.

அக்டோபர் 8, புதன்

சுடர் மத்தியானமே வந்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வாசலிலேயே நின்று, "மாமா, கிட்ட வராதீங்க. என் மூஞ்சியப் பாக்காதீங்க" என்றாள்.

"பாத்தா ஒட்டாதும்மா. கை பட்டாத்தான்."

"தெரியும் மாமா. அதத்தான் ரெண்டு நாளா பிள்ளைகளுக்குப் பாடமா நடத்துனேன். கடைசில அதுகளே எனக்குக் குடுத்து அனுப்பிருச்சுக."

மெட்ராஸ் ஐ. எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு இருக்கிறதாம். தன் துண்டு, சோப்பு, டம்ளர் எல்லாவற்றையும் தனியாக எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போய்விட்டாள். சாப்பாட்டை அறை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். "உங்க கண்ணு பத்திரம் மாமா, சாமி" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

கதவுப் பிடிகளை டெட்டால் தண்ணீரில் துடைத்தேன்.

அக்டோபர் 11, சனி

காலையில் கண்ணாடியில் பார்த்தபோது வலது கண் ஓரத்தில் சிவப்பு. கீழ்ப்பக்கம்தான் அதிகம். வெளிச்சத்தில் கொஞ்சம் கூசுகிறது.

மறைக்கலாம் என்று நினைக்கவில்லை. ஆனால் சுடர் பார்க்கும்வரை நானாகச் சொல்லவும் இல்லை. பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

"என்கிட்டருந்துதான் ஒட்டிக்கிச்சு."

"ஒன்னுமில்லம்மா. லேசாத்தான் இருக்கு."

"மதுரைக்குப் போயிருவோம் மாமா. இப்பவே கெளம்புனா மத்தியானத்துக்குள்ள..."

"மெட்ராஸ் ஐக்கு யாராவது மதுரைக்குப் போவாங்களா? அங்க இருக்கவங்களுக்குப் பரப்பிட்டு வந்த மாதிரி ஆயிரும். அஞ்சு நாள்ல தானா போயிரும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கண்களும் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கின்றன.

நேற்று அவள் தலைமையாசிரியையிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, கூடத்தில் இருந்தேன். "இல்ல மேடம், மூணு நாள்தான். இதுக்கப்புறம் லீவே கேக்க மாட்டேன் மேடம்" என்றாள். பிப்ரவரியில் என் அறுவைக்கு அவள் எடுத்த விடுப்பைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "அவருக்கு வேற யாரும் இல்ல மேடம்" என்றும் சொன்னாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒரு முடிவு எடுத்தேன். சரியா என்று தெரியவில்லை. காரணங்களை எழுதி வைக்கிறேன்.

மெட்ராஸ் ஐ வைரஸால் வருவது. வைரஸை விரட்ட வேண்டியவை வெள்ளணுக்கள். என் கண்ணில் ஊற்றும் ஸ்டீராய்டு சொட்டோ அவற்றை எழவிடாமல் அமுக்கி வைக்கிறது. திருடன் உள்ளே இருக்கும்போது வீட்டுக்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது போல. ஆகவே சிவப்பு தணியும்வரை, நாலைந்து நாட்களுக்குச் சொட்டை நிறுத்துவதே முறை. பிறகு தொடர்ந்துகொள்ளலாம். இருபத்தெட்டு ஆண்டுகள் இதைத்தானே பாடமாக நடத்தினேன். மூன்று தடவை யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வந்தது.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருடைய எண் போனில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை.

அக்டோபர் 13, திங்கள்

மழை. டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம் இருக்கும் நாள். கூப்பிடவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சுடர் பள்ளிக்குப் போனாள். அவள் கண் தெளிந்துவிட்டது.

அவள் போனதும் எதிர்வீட்டு மாரிக்கனி அம்மாள் பிள்ளைக்குப் புகட்டும் பாலாடையில் தாய்ப்பால் கொண்டுவந்தார். அவருடைய மகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, கண்ணு செவந்து கெடக்குன்னு சுடர் சொல்லுச்சு. ரெண்டு சொட்டு விட்டா பொழுதடையுறதுக்குள்ள வெளுத்துரும். சும்மா மருந்து மாத்திரைன்னு அலையாதீக."

"இருக்கட்டும்மா. பிள்ளைக்கு வேணுமே."

"அவளுக்கு ஊறிக்கிட்டுக் கெடக்கு, ஊருக்கே ஊத்தலாம். தலைய அண்ணாத்துங்க, நானே விட்டுட்டுப் போறேன்."

தாய்ப்பாலில் வெள்ளணுக்கள் உண்டு. தாயின் உடம்பிலிருந்து கிளம்பிப் பிள்ளையின் குடலுக்குக் காவலுக்குப் போகின்றன. ஆனால் அது தையல் இருக்கும் கண்ணுக்கு ஆகாது. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படுத்துக்கொண்டு விடுகிறேன், வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர் போனதும் கால் படாத இடமாகப் பார்த்துக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றினேன்.

சாயங்காலம் சன்னல் வழியாகவே, "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றார். "குளிர்ச்சியா இருக்கு" என்றேன். தெருவில் போன இரண்டு பேரை நிறுத்தி, என்னைக் காட்டி அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 16, வியாழன்

சில வித்தியாசங்களைக் கவனித்தேன். வரிசையாக எழுதுவது பழைய ஆய்வுக்கூடப் பழக்கம்.

சுடருக்கு இரண்டு கண்ணிலும் வந்தது. எனக்கு ஒன்றில்தான். அவளுக்குக் காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், வெந்நீர்த் துணியால் துடைத்துத்தான் திறப்பாள். எனக்குப் பீளையே இல்லை. அவளுக்கு அரிப்பு இருந்தது. எனக்கு அரிப்பு இல்லை, உள்ளே ஒரு மந்தமான வலிதான். டியூப் லைட்டைச் சுற்றி வானவில் போல ஒரு வளையம் தெரிகிறது.

வயதானவர்களுக்கு நோய் சற்று வேறு மாதிரி வரும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மூன்று மாதம் ஆகிறது. இன்று சோப்பு போட்டுக் கழுவினேன். வளையம் அப்படியேதான் இருக்கிறது. டியூப் பழசு.

அக்டோபர் 18, சனி

காலையில் சுடர் செய்தித்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "தலைப்பு என்ன போட்டிருக்கான் மாமா? எனக்குக் கையில மாவு."

"வைகை அணை நெறஞ்சிருக்காம்" என்றேன்.

டிவியில் அதைக் கேட்டு அரை மணி ஆகியிருந்தது. அவள் கையில் மாவு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாததை வைத்து இப்போது எதையும் சொல்ல முடியாது.

எழுத்தைப் பெரிதாக்கி எழுதுகிறேன். பேனாவில் மை குறைவு.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய்க் குளியல். நேற்று மாலையிலிருந்தே தெருவெல்லாம் புகை. கண் மங்கலாக இருப்பதற்குப் புகையும் காரணம்.

செழியன் வீடியோவில் கூப்பிட்டான். சுடர் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"என்னப்பா, கண்ணு எப்படி?"

"நல்லா இருக்குப்பா. நீதான் எளைச்சுட்ட. கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. நேரத்துக்குச் சாப்பிடுறியா?"

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரிப்பா, சாப்பிடுறேன்" என்றான். சுடர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அப்புறம் கூப்பிடுவதாக மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

"அவரு தாடி வச்சிருக்காரு மாமா. ஒரு மாசமாச்சு. கன்னமே தெரியாது."

தெருவில் சரவெடி ஒன்று நீளமாக வெடித்து ஓய்ந்தது.

"எப்பருந்து?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தேன்.

"தலகாணி உறைய நாந்தான் தொவைக்கிறேன். பத்து நாளாப் பாக்குறேன், ஒரு நாள்கூடப் பீளை ஒட்டல. எனக்குத் தெரியாதா? என்கிட்டருந்து வந்ததா இருந்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன். அப்படியே இருக்கட்டும்னு கும்பிட்டுக்கிட்டே இருந்தேன். கேக்கப் பயம்." தரையில் உட்கார்ந்து சொன்னாள். "சொட்டு மருந்து பாட்டில் போன வாரம் எந்த அளவுல இருந்துச்சோ அதே அளவுல இருக்கு. ஊத்துறீங்களா இல்லையா?"

காரணங்களை விளக்கினேன். பாடம் நடத்துவது போல வைரஸிலிருந்து தொடங்கினேன். பாதியில் என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. நிறுத்திவிட்டேன்.

பலகாரத் தட்டு மூடியபடியே இருந்தது.

அக்டோபர் 22, புதன்

இதை எழுதுவது சுடர்க்கொடி. மாமா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். முன்பக்கங்களைப் புரட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இனி 'நான்' என்று வருவது மாமா, அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என்னுடையது.

நேற்று மதுரைக்குப் போனோம். பண்டிகைக்கு மறுநாளானாலும் அவசரப் பிரிவு திறந்திருந்தது. டாக்டர் ஜெபமலரே இருந்தார். கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, மெல்லிய வெளிச்சக் கீற்றை விட்டுப் பார்த்தார். சொட்டை நிறுத்தியதைச் சுடர் சொன்னாள். பிறகு, சொட்டை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார்.

நானேதான் என்றேன்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க சார்?"

"விலங்கியல்."

"அதான்" என்றார்.

(மாமா இந்த இடத்தில் சிரித்தார். நேற்று யாரும் சிரிக்கவில்லை. சு.)

இது மெட்ராஸ் ஐ இல்லை. வைத்த கருவிழியை உடம்பு தள்ளுகிறது என்றார். அந்தக் கருவியில் பக்கவாட்டில் இன்னொரு குழாய் உண்டு, பயிற்சி டாக்டர்கள் பார்ப்பதற்கு. சுடர் தானும் பார்க்கலாமா என்று கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்.

என்ன தெரிகிறது என்று நான் தாடையை எடுக்காமல் கேட்டேன்.

"வெள்ளப் பொட்டு பொட்டா இருக்கு மாமா. கோடு போட்ட மாதிரி வரிசையா."

"கோட்டுக்குக் கீழ?"

"கீழ பூராவும் ஆவி படிஞ்ச கண்ணாடி மாதிரி. மேல தெளிவா இருக்கு."

"கோடு எந்த இடத்துல இருக்கு? கண்ணுப் பாப்பாவுக்குக் கீழயா, மேலயா?"

"நடுவுல ஏறிருச்சு மாமா."

அவை வெள்ளணுக்கள். கருவிழியின் ஓரத்தில், தையல் பக்கமாகக் குழாய்கள் கிளைத்து வந்திருக்கின்றன. அங்கே இறங்கி, கருவிழியின் உட்புறச் செல்களின் மேல் வரிசை கட்டி, ஒவ்வொன்றாகக் கொன்றுகொண்டு மேலே ஏறுகின்றன. கடந்த இடமெல்லாம் புகை. அவற்றின் பேரில் குற்றமில்லை. வெளியாள் நுழைந்தால் விரட்டுவது அவற்றின் வேலை. இவர் உதவிக்கு வந்தவர் என்று அவற்றுக்கு யார் சொல்வது. சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் சொட்டு மருந்துதான். அதை நான் நிறுத்தினேன். எத்தனையோ பேருக்குத் தவளைக் காலில் காட்டியதை என் கண்ணில் சுடர்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நன்றாகச் சொன்னாள். நல்ல மாணவி.

கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டார்கள். மணிக்கு ஒரு சொட்டு. சுடர் விடுப்பு எடுத்திருக்கிறாள். என்னால் அவளுக்கு...

(அதற்குமேல் சொன்னதை நான் எழுதவில்லை. சு.)

அக்டோபர் 27, திங்கள்

என் கையால் எழுதிப் பார்க்கிறேன். வரி மேல் வரி விழுகிறது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

நான் சொல்கிறேன், சுடர் எழுதுகிறாள்.

நேற்று பரிசோதனை. கோடு நின்றுவிட்டது. ஆனால் அது கடந்து போன இடத்தில் உயிருள்ள செல்கள் மிச்சமில்லை. அவை திரும்ப வளர்வதும் இல்லை. புகை விலகாது என்றார் டாக்டர். கை அசைவது தெரிகிறது. சுடரின் புடவை நிறம் தெரிகிறது. அவ்வளவுதான்.

சிவந்த அன்றைக்கே போயிருந்தால் என்று நான் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

இன்னொரு கருவிழி வைக்க முடியுமா என்று சுடர் கேட்டாள்.

"வைக்கலாம்மா. ஆனா இந்தத் தடவ அவரோட செல்களுக்கு வழி தெரியும். குழாயெல்லாம் வாசல்லயே வந்து நிக்குது. மொத தடவையவிட வேகமா வரும்." பிறகு என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், குரல் நேராக வந்தது. "அது வந்தா அடக்க மருந்து இருக்கு சார். எனக்கு உங்க செல்லப் பத்திப் பயமில்ல, உங்களப் பத்தித்தான் பயம். ஒரு கருவிழிக்கு எத்தன பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்ற ஆளுக்குத்தான் நான் வைக்க முடியும்."

"இனிமே நான் பாத்துக்கிறேன் டாக்டர், தினமும்..." என்று சுடர் தொடங்கினாள்.

"நீங்க சொல்லாதீங்கம்மா. அவர் சொல்லட்டும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். பஸ்ஸில் போகும்போதே வாக்கியத்தைத் தயாரித்திருந்தேன்: எனக்கு எழுபத்தைந்து வயது, இளையவர்கள் யாருக்காவது கொடுங்கள். மரியாதையான வாக்கியம். யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லாத வாக்கியம். அதைத்தான் சொல்லப் போகிறேன் என்று வாயைத் திறந்தேன்.

"எனக்கு வேணும் டாக்டர்" என்றேன்.

(சத்தமாகச் சொன்னார். வாசலில் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சு.)

"சரி. இப்ப கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா..." என்று ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவே பதில் தெரியாமல் நிற்கும் பையனைப் போல இருந்தது. "கூசுது. இந்த வெளிச்சம் ரொம்ப அதிகம். ஒம்பது மாசமா அதிகம்தான்."

டாக்டர் வெளிச்சத்தைக் குறைத்தார். பெயரைப் பதிவு செய்ய நர்ஸிடம் சொன்னார். எப்போது கிடைக்கும் என்று தெரியாது. கிடைத்தாலும் நிலைக்குமா என்பது அதைவிடத் தெரியாது. நிரந்தரமாகச் சொட்டு ஊற்ற வேண்டும். சிவந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

திரும்பி வரும்போது களைப்பு. திருமங்கலம் தாண்டி நான் தூங்கிவிட்டேன்.

இன்று காலையில் சுடர் ஒரு விதி போட்டிருக்கிறாள். தினமும் ஒரு குறையாவது நான் சொல்ல வேண்டுமாம். கண்ணைப் பற்றித்தான் என்று இல்லை, எதைப் பற்றியும். அவள் அதை இந்த நோட்டில் எழுதுவாள். நாக்குக்குப் பழக்கம் வரவேண்டும் என்கிறாள். இன்றைக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லையம்மா என்றேன். எழுந்து போவாள் என்று பார்த்தேன். போகவில்லை.

காப்பியில் சர்க்கரை அதிகம்.

(எத்தனை நாளாக என்று கேட்டேன். எங்களோடு இருக்க இந்த வீட்டுக்குத் தான் வந்த நாளிலிருந்து என்கிறார். ஏழு வருடம். ஏழு வருடமும் டம்ளரைக் காலியாகத்தான் திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, அதையும் எழுதி வைக்கிறேன். சு.)

இன்னொன்றும் இருக்கிறது என்றேன். அவள் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது.